வெட்டினால் மட்டும் நாறும் மரம்

முதல் நாள், ஃபுன்ஷால்

லிஸ்பனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். கடைசிப் பத்து நிமிடம் விமானம் ஊஞ்சலாடியது. அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்த்துகலின் மடெய்ராத் தீவு, அதன் தலைநகர் ஃபுன்ஷால். ஓடுதளத்தில் ஒரு பகுதி கடலோரத்தில் தூண்களின் மேல் நிற்கிறது. சக்கரம் தரையைத் தொட்டதும் பலர் கைதட்டினார்கள். அக்கா மகள் நிதானமாகச் சொன்னாள்: "மாமா, இங்கே காற்று பலமாக இருந்தால் இறங்க விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாம் இறங்கியதே பெரிய காரியம்." ஏறும் முன் இதைச் சொல்லாமல் விட்டதற்கு அவளுக்கு நன்றி சொன்னேன்.

அவள் லிஸ்பனில் படிக்கிறாள், போர்த்துகீசிய மொழி நன்றாகப் பேசுகிறாள். நான் கோத்தகிரிக்காரன். பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு தாவரவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். "ஐரோப்பாவில் எந்த இடம் பார்க்க வேண்டும் மாமா?" என்று அவள் கேட்டபோது பாரிஸ், ரோம் என்று சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பாள். ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

மரத்தின் பெயர் தில். மடெய்ராக்காரர்கள் வைத்த பெயர் அது. நம் பக்கத்தில் தில் என்றால் துணிச்சல், வடக்கே போனால் எள். இங்கே அது நாற்பது மீட்டர் வரை வளரும் பசுமைமாறா மரம். அறிவியல் பெயர் ஒகோடியா ஃபீட்டன்ஸ். ஃபீட்டன்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நாறுவது என்று பொருள். பச்சை மரத்தை வெட்டினால் அப்படி ஒரு துர்நாற்றம் வருமாம்.

எனக்கு இதில்தான் ஆர்வம். தில் மரம் லாரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. இலவங்கப்பட்டை அந்தக் குடும்பம். பிரிஞ்சி இலை அந்தக் குடும்பம். வெண்ணெய்ப்பழமும் அதே குடும்பம்தான். ஆலையில் செய்கிற கற்பூரம் வருவதற்கு முன் கற்பூரம் கொடுத்த மரமும் அந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது. வீடு முழுக்க வாசனைக்காரர்கள், அதில் ஒருவனுக்கு மட்டும் நாறுகிறவன் என்று பெயர். பழந்தமிழில் நாற்றம் என்றாலே நறுமணம்தான் என்று மாணவர்களிடம் சொல்லி, இந்த மரத்தை எடுத்துக்காட்டாகக் காட்டுவேன். முப்பத்தோரு ஆண்டு அந்த நாற்றத்தைப் பற்றிப் பேசினேன், ஒரு முறைகூட முகர்ந்ததில்லை.

மாலையில் உழவர் சந்தைக்குப் போனோம். 1940இல் கட்டிய கட்டடம், சுவரில் நீல ஓவியம் தீட்டிய ஓடுகள். சீத்தாப்பழத்தின் உறவுக்காரப் பழம் ஒன்றை வெட்டி நீட்டினார்கள். சுவை நம் சீத்தாதான், கொட்டை குறைவு. விலையைக் கேட்டதும் சுவை கொஞ்சம் குறைந்தது. ஒரு கடையில் காய்ந்த இலைகள் கட்டித் தொங்கின. லோரெய்ரு இலை. அதுவும் லாரேசிதான், சமையலுக்கு. கடைக்கார அம்மாளிடம் தில் பற்றிக் கேட்கச் சொன்னேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பயணம் சரியான திசையில் போகிறது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள், கெய்மாதஷ்

மடெய்ரா என்றால் போர்த்துகீசிய மொழியில் மரக்கட்டை. 1419இல் போர்த்துகீசிய மாலுமிகள் வந்தபோது தீவில் ஆள் இல்லை, கடற்கரை வரை காடு மட்டும் இருந்தது. கண்ணில் பட்டதையே பெயராக வைத்தார்கள். பிறகு அந்தப் பெயரையே தீவின் தொழிலாக்கிக்கொண்டார்கள். நிலத்தைத் திருத்தத் தீ வைத்தார்கள். அந்தத் தீ ஏழு ஆண்டு எரிந்தது என்று ஒரு கதை உண்டு. ஈரம் சொட்டும் இந்தக் காட்டைப் பார்த்த பிறகு ஏழு ஆண்டுக் கணக்கை நான் நம்பவில்லை. ஆனால் தெற்குச் சரிவில் காடு போய்விட்டது உண்மை. இன்று ஃபுன்ஷாலைச் சுற்றி வாழைத் தோட்டமும் ஓட்டு வீடும்தான். கொஞ்சம் மேலே ஏறினால் தைலமரமும் சீகையும் வருகின்றன. காரின் கண்ணாடியை இறக்கியதும் தைல வாசம் வந்தது. பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கினால் இங்கேயும் ஊட்டி ரோடு! வெள்ளைக்காரர்கள் எங்கள் மலையில் செய்ததை இங்கேயும் செய்திருக்கிறார்கள்.

மீதிக் காடு வடக்குச் சரிவில் இருக்கிறது. வெட்டிக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் செங்குத்தாக இருந்ததால் தப்பியது என்பது என் முடிவு. சுமார் 15,000 ஹெக்டேர், தீவில் ஐந்தில் ஒரு பங்கு. லௌரிசில்வா என்கிறார்கள், லாரல் காடு. 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தெற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இப்படிப்பட்ட காடுதான் இருந்தது. பனியுகம் அதை அங்கே அழித்துவிட்டது. கடல் சூழ்ந்ததால் குளிரும் வறட்சியும் மட்டுப்பட்டு, இந்தத் தீவுகளில் மட்டும் காடு பிழைத்தது.

நாங்கள் நடந்தது கல்தெய்ராவ் வெர்த் என்ற அருவிக்குப் போகும் வாய்க்கால் பாதை. போக ஆறரை கிலோமீட்டர், வர ஆறரை. இங்கே மலைச்சரிவில் வெட்டிய வாய்க்காலுக்கு லெவாடா என்று பெயர். வடக்கே பெய்யும் மழையைத் தெற்கே வயலுக்குக் கொண்டுபோகும் வேலை அதற்கு. தீவு முழுவதும் சேர்த்தால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்குமாம். தொடக்க காலத்தில் அடிமைகளும் இந்தப் பாறைகளைக் குடைந்திருக்கிறார்கள். வாய்க்காலின் கரைதான் பாதை. சில இடங்களில் இரண்டு அடி அகலம், ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பாதாளம், நடுவில் ஒரு கம்பி. நான்கு சுரங்கங்களில் குனிந்து போக வேண்டும். எனக்கு முதல் சுரங்கத்திலேயே தலையில் இடித்துவிட்டது. "மாமா, குனியுங்கள் என்று சொன்னேனே" என்றாள். சொன்னாள்தான், இடித்த பிறகு.

இன்று என் வேலை நான்கு அண்ணன் தம்பிகளைப் பிரித்தறிவது. இந்தக் காட்டில் லாரேசி மரங்கள் நான்கு: தில், லோரெய்ரு, விஞாத்திகு, பர்புசானு. தூரத்திலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோல் இருக்கும், தோல்போன்ற பளபளப்பான கரும்பச்சை இலை. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தில் இலையின் அடிப்புறத்தில், காம்புக்குப் பக்கத்தில், நரம்புகள் பிரியும் இடத்தில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும். லோரெய்ருவுக்கு நடுநரம்பு நெடுக அப்படிச் சின்னச் சின்ன புள்ளிகள். பர்புசானு இலையில் பூச்சி கடித்து வீங்கியதுபோல் கொப்புளங்கள். விஞாத்திகு எளிது. அதன் இலை பெரியது, உதிரும் முன் செம்மை பூசிக்கொள்ளும். பச்சைக் கூட்டத்தில் ஆங்காங்கே பழுத்த மாவிலை நிறம் தெரிந்தால் அது விஞாத்திகு.

அந்த விஞாத்திகுவின் அறிவியல் பெயர் பெர்சியா இந்திகா. பிறந்தது இந்தத் தீவுக் கூட்டத்தில், பெயரில் மட்டும் இந்தியா. 1753இல் தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இதை லாரஸ் இந்திகா என்று எழுதி வைத்தார், பிறகு பேரினம் மாறியது, இந்திகா ஒட்டிக்கொண்டது. தாவரவியலில் ஒரு முறை வைத்த பெயரை அது பொய் என்பதற்காக மாற்ற முடியாது. அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பெயரளவில் ஊர்க்காரன் அல்லவா.

அருவி உயரம், குளிர்ந்த பச்சைக் குளம், கூட்டம். எங்கள் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கச் சின்னக் குருவிகள் காலருகே வந்தன. திரும்பும் வழியில் பாதையோரம் ஒரு தில் மரத்தின் கீழே காய் கிடைத்தது. ஓக் மரக் காயைப்போல, அடியில் கிண்ணம், அதில் பாதி புதைந்த காய். என் பாடப்புத்தகப் படத்தில் இருந்ததைவிடப் பெரிது. கிண்ணம் மட்டும் காலியாக ஒன்றும் கிடந்தது, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கெய்மாதஷ் என்ற இடத்தின் பெயருக்கு எரிக்கப்பட்டவை என்று பொருள். இன்று அது தீவின் மிக ஈரமான மூலைகளில் ஒன்று. பெயரைக் கேட்டபோது முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், மழை

காலை முதல் மழை. மேலே போக வேண்டாம் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். சந்தானா ஊரில் வைக்கோல் கூரை தரைவரை இறங்கும் முக்கோண வீடுகள் பார்த்தோம். இப்போது அவற்றில் பெரும்பாலும் பரிசுப் பொருள்தான் விற்கிறார்கள்.

பக்கத்தில் சாவ் ஜோர்ஜ். 1854 வாக்கில் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் இந்தப் பகுதியில் எரிமலைக் குழம்புகளுக்கு நடுவே இலைப் புதைபடிவ அடுக்கைப் பார்த்தார். பல லட்சம் ஆண்டு பழைய இலைகள், அதில் இன்றும் இந்தத் தீவில் வளரும் மரங்களின் இலைகள் உண்டு. எனக்குப் பாறையைப் பார்க்க ஆசை, மழை விடவில்லை. மழைக்கு ஒதுங்கிய கடையில் காபி குடித்தோம்.

இரவு அக்கா மகள் எஸ்பெதாதா சாப்பிட்டாள். மாட்டிறைச்சித் துண்டுகளில் உப்பும் பூண்டும் தடவி, லோரெய்ருக் குச்சியில் கோத்து, தணலில் வாட்டுவது மரபு. குச்சியின் மணம் இறைச்சிக்குள் இறங்கும். இப்போது பெரும்பாலும் இரும்புக் கம்பிதான், இங்கே குச்சியே வந்தது. நான் மரக்கறிக்காரன். தட்டு காலியானதும் குச்சியை மட்டும் வாங்கி முகர்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். பரவாயில்லை, நான் வந்த வேலையே முகர்வதுதான். புகை, பூண்டு, அடியில் மெல்லிய கற்பூர வாடை. லோரெய்ருப் பழத்திலிருந்து எடுக்கும் எண்ணெயை வயிற்று வலிக்கும் அடிபட்டதற்கும் நாட்டு மருந்தாக இங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். லோரெய்ருத் தண்டில் முளைக்கும் பூஞ்சையைக்கூட மருந்து என்றார்கள். ஒரு மரத்தை இவ்வளவு நெருக்கமாக வைத்துக்கொண்டவர்கள் தில்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் மூக்கைப் பிடிக்கிறார்கள்.

நான்காம் நாள், ஃபனால்

தில் மரம் என்று தேடினால் இணையத்தில் வருகிற படம் ஃபனால் படம்தான். மூடுபனி, புல்வெளி, கை கால்களை முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டு மரங்கள். பேய்க் காடு என்று தலைப்பு வைத்திருப்பார்கள். தீவின் வடமேற்கில், பவுல் ட செர்ரா என்ற மேட்டுச் சமவெளியைத் தாண்டி, சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

போனபோது பளீரென்று வெயில். வண்டிகள் வரிசையாக நின்றன. படம் எடுக்க வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம். ஒரு இளம் தம்பதி மூடுபனிக்காக முந்தைய நாளும் வந்து திரும்பினார்களாம். நான் மட்டும் மகிழ்ந்தேன். பனி இல்லாவிட்டால்தானே மரம் தெரியும்!

தனித்தனியாக நிற்கும் மரங்கள் இவை. காட்டுக்குள் இருந்தால் நெடுநெடுவென்று நிமிர்ந்து போகும் தில், இங்கே மாடு மேய்ந்த திறந்த வெளியில் பக்கவாட்டில் படர்ந்திருக்கிறது. தண்டில் பொந்து, பொந்தில் பாசி, பாசியில் பெரணி. ஒரு மரத்தின் வயிற்றுக்குள் நான் நுழைந்து நிற்கலாம்போல இருந்தது. நுழையவில்லை. பல நூற்றாண்டு வயது என்கிறார்கள், மனிதர் குடியேறும் முன்பே இருந்தவை என்றும் சொல்கிறார்கள். எனக்கு வயதுக் கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. தில் மரம் செத்தாலும் சாவதில்லை. தாய்த் தண்டு உளுத்துப் போனதும் அதன் அடியைச் சுற்றிப் புதுத் தளிர்கள் கிளம்பும். அவை தடித்து, தாய் விழுந்த பிறகு ஒரு வட்டமாக நிற்கும். இங்கே அப்படிப் பல வட்டங்கள். நடுவில் வெற்றிடம், சுற்றி ஐந்தாறு தண்டுகள். அந்த வட்டத்துக்கு வயது எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? தண்டுக்கு நூறு இருக்கலாம், வேருக்கு? நம் வீட்டு வாழையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மாடுகள் இன்றும் திரிகின்றன. அவை கன்றுச் செடியைத் தின்றுவிடும். மனிதர்கள் வேரின் மேல் மிதித்து மிதித்து மண் இறுகிவிட்டது. கிளையின் மேல் ஏறிப் படுத்துப் படம் எடுத்துக்கொண்ட ஒருவரைப் பார்த்து அக்கா மகள் போர்த்துகீசிய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் இறங்கினார். என்ன சொன்னாய் என்றேன். "உங்கள் பாட்டி மேல் இப்படிப் படுப்பீர்களா என்று கேட்டேன்" என்றாள். அக்காவின் மகள் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை.

நான்கு மணிக்குக் கீழேயிருந்து வெள்ளை ஏறி வந்தது. நீலகிரியில் பிறந்தவனுக்கு மூடுபனி புதிதல்ல. ஆனால் அது வரும் வேகம் புதிது. வடகிழக்குக் கடற்காற்று மேகத்தைச் சரிவில் தள்ளி ஏற்றுகிறது. பத்து நிமிடத்தில் வண்டிகள் மறைந்தன, தம்பதி உற்சாகத்தில் கத்தினார்கள், நான் ஒரு பெரிய தில் மரத்தடியில் நின்றேன்.

சொட்டு விழுந்தது. தலையில் ஒன்று, தோளில் ஒன்று, பிறகு நிற்கவே இல்லை. மழை என்று நினைத்துக் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே மழை இல்லை! பத்தடி தள்ளிப் புல் ஈரப்பதமாக மட்டும் இருந்தது. மரத்தடியில் மட்டும் மழை. திரும்ப உள்ளே போனேன், நனைந்தேன். வெளியே வந்தேன், நின்றது. அக்கா மகள் பார்த்துச் சிரிக்கிறாள், நான் உள்ளே வெளியே ஆடிக்கொண்டிருக்கிறேன். மேகம் இலையில் மோதித் துளியாகத் திரண்டு வழிகிறது. இதைப் பாடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சட்டைக் காலருக்குள் இறங்கியது இன்றுதான்.

இதே இன மரம் ஒன்று ஒரு ஊரையே காப்பாற்றியது. இங்கிருந்து தெற்கே கனாரித் தீவுகளில் எல் ஹியர்ரோ என்ற சின்னத் தீவு. ஆறு கிடையாது. அங்கே வாழ்ந்த பிம்பாச்சே மக்கள் கரோயே என்ற ஒரு தில் மரத்தை வணங்கிப் பாதுகாத்தார்கள். அதன் இலைகள் மேகத்தைப் பிடித்துச் சொட்டிய நீர் அடியில் வெட்டிய குழிகளில் சேரும், மக்கள் அதைக் குடித்தார்கள். ஸ்பானியர்கள் வந்தபோது தாகத்தால் திரும்பிப் போகட்டும் என்று மரத்தை மறைத்து வைத்தார்களாம், ஒரு படைவீரனைக் காதலித்த பெண் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பது கதை. எந்தத் தீவு பிடிபட்டாலும் கதையில் பழி ஒரு பெண்மேல்தான் விழுகிறது, இதை நான் நம்புவதாக இல்லை. மரம் உண்மை. 1610இல் ஒரு புயலில் சாய்ந்தது. அதே இடத்தில் 1949இல் வேறொரு தில் நட்டார்கள், அது இன்றும் சொட்டுகிறது. அந்தத் தீவின் சின்னத்தில் கரோயே நிற்கிறது.

விடுதிக்கு வந்து சட்டையைப் பிழிந்தேன். ஒரு டம்ளர் இருக்கும்.

ஐந்தாம் நாள், ரிபெய்ரு ஃப்ரியூ

பல்கோய்ஸ் என்ற காட்சி முனைக்கு ஒன்றரை கிலோமீட்டர் சமதள நடை. இறுதியில் ஒரு பாறைத் திண்ணை, கீழே முழுக் காடும் பச்சைக் கம்பளி போர்த்ததுபோல. நாங்கள் வந்தது புறாவுக்காக.

தில் காயை முழுதாக விழுங்கும் பறவை ஒன்று தேவை. கொட்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேறு யார் இருக்கிறார்கள்? இந்தத் தீவில் மட்டுமே வாழும் த்ரோகாஸ் புறா அந்த வேலையைச் செய்கிறது. சாம்பல் உடல், கழுத்தில் வெள்ளிப் பூச்சு, நம் கோயில் புறாவைவிடப் பெரிது. அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டு, காட்டு விளிம்பிலிருந்து கிளம்பிப் பள்ளத்தாக்கைக் கடந்தன. தொலைநோக்கியில் வாலில் வெளிறிய பட்டை தெரிந்தது.

எங்கள் சோலைக் காட்டிலும் இதே ஏற்பாடு. அங்கே லாரேசி மரங்கள் ஏராளம். அவற்றின் பழத்தைத் தின்பது நீலகிரிக் காட்டுப்புறா, அதற்குக் கழுத்தில் சதுரங்கப் பலகைபோல் கட்டம். இரண்டும் ஒரே பேரினம். இரண்டு மலைக்கும் நடுவே ஒரு கண்டமே இருக்கிறது, இரண்டு இடத்திலும் இந்த மரத்துக்கு இந்தப் புறா. இதை அக்கா மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு புறா தலைக்கு மேலே போய்விட்டது, நான் பார்க்கவில்லை.

உழவர்களுக்கு இந்தப் புறாவைப் பிடிக்காது. காட்டில் காய் குறைந்தால் கீழே வந்து முட்டைக்கோசைத் தின்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவைதான், ஆனாலும் அவ்வப்போது அரசே அனுமதி கொடுத்துச் சுட வைக்கிறது. யானையும் தோட்டமும் என்று எங்கள் ஊரில் நடக்கும் வாதத்தை இங்கே புறாவை வைத்து நடத்துகிறார்கள்.

பிறகு வாய்க்கால் பாதையில் கொஞ்ச தூரம் போனோம். ஒரு வளைவில் பெரிய கிளை ஒன்று விழுந்து, ரம்பத்தால் துண்டுபோடப்பட்டு ஓரமாக அடுக்கியிருந்தது. அடிமரம் தில்! இலையைத் திருப்பினேன், இரண்டு குழி இருந்தன. என் இதயம் அடித்துக்கொண்டது. மண்டியிட்டு வெட்டுமுகத்தில் மூக்கை வைத்தேன்.

ஈர மரம். பாசி. கொஞ்சம் மண். வேறொன்றும் இல்லை.

வாய்க்காலில் இலை தழை வாரிக்கொண்டிருந்த ஒரு முதியவர் இதைப் பார்த்துவிட்டார். லெவாடாவைக் காக்கும் பணியாளர்களுக்கு லெவாதெய்ரு என்று பெயர், தலைமுறை தலைமுறையாக வாய்க்காலோடு வாழ்கிறவர்கள். அக்கா மகள் விஷயத்தைச் சொன்னாள். இந்த மனிதர் இந்தியாவிலிருந்து நாற்றம் பார்க்க வந்திருக்கிறார் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும், அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார். கிளை விழுந்தது போன வாரமாம். வெட்டிய அன்று வந்திருந்தால் காலைச் சாப்பாட்டைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்றார். எப்படி நாறும் என்று கேட்கச் சொன்னேன். அவர் யோசித்தார். மாட்டுத் தொழுவத்தைக் காட்டுவதுபோல் கையை ஆட்டினார், பிறகு இல்லை என்று தலையசைத்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக் காட்டினார். அதற்குமேல் மொழிபெயர்க்க அக்கா மகள் மறுத்துவிட்டாள்.

நிற்கும் மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்துப் பார்க்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். பாதுகாக்கப்பட்ட காடு, ஒடிப்பது குற்றம். அதைவிட, அந்த முதியவர் நின்றுகொண்டிருந்தார்.

நடக்க நடக்க யோசித்தேன். இலையைக் கசக்கினால் மணம்தான். பூ மணக்கும். மரத்துக்குப் பெயர் வைத்தது யார்? 1789இல் இலண்டனில் வில்லியம் எய்ட்டன் என்ற தாவரவியலாளர் ஃபீட்டன்ஸ் என்ற பெயரை அச்சேற்றினார். ஆனால் நாற்றத்தை அறிந்தவன் கோடரி பிடித்தவன். வெட்டியவனின் மூக்கு வைத்த பெயர் இது. நிமிர்ந்து நிற்கிற மரத்துக்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை.

ஆறாம் நாள், மறுபடி ஃபுன்ஷால்

விமானம் மாலையில். காலையில் கிந்தா தஷ் க்ரூசெஷ் அருங்காட்சியகம். தீவைக் கண்ட மாலுமி சார்க்கு குடியிருந்த இடம் என்கிறார்கள். உள்ளே பழைய மர அலமாரிகள். சர்க்கரைப்பெட்டி அலமாரி என்று அவற்றுக்குப் பெயர். காரணம் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் மடெய்ரா சர்க்கரைத் தீவு. கரும்புச் சாற்றைக் காய்ச்ச விறகு வேண்டும், காடு அடுப்புக்குள் போனது. பிறகு பிரேசில் மலிவாகச் சர்க்கரை செய்தது, இங்கே ஆலைகள் படுத்தன. பிரேசில் சர்க்கரை பெரிய மரப்பெட்டிகளில் இங்கே வந்து இறங்கியது. அந்தப் பெட்டிப் பலகைகளை உடைத்துத் தச்சர்கள் அலமாரி செய்தார்கள். மரக்கட்டை என்றே பெயர் வைத்த தீவு, பிரேசில் மரத்தில் அலமாரி செய்தது.

2024 ஆகஸ்டில் தீவில் பெரிய தீ. 5,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. நேற்று ஒரு சரிவில் கருகிய தண்டுகள் தெரிந்தன. அதன் நடுவில் தைலமரம் இப்போதே ஆள் உயரத்துக்குத் துளிர்த்திருக்கிறது. அது எரிந்து எரிந்து பழகிய மரம், தில் அப்படி அல்ல.

சந்தைக்குப் போய் அந்த அம்மாளிடம் லோரெய்ரு இலை ஒரு பொட்டலம் வாங்கினேன். நாற்றம் கிடைத்ததா என்று சைகையில் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் கையில் இன்னும் இரண்டு இலை சேர்த்துப் போட்டார், ஆறுதலுக்குப்போல.

விமான நிலையத்தில் காற்று. புறப்பாடு தள்ளிப்போகிறது என்று பலகை சொன்னது. சட்டைப் பையில் கையை விட்டேன், தில் காயின் கிண்ணம் இருந்தது. கொட்டை இல்லாத வெறும் கிண்ணம்தான், இருந்தாலும் நாடு தாண்டிக் கொண்டுபோவது முறையல்ல என்று அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பேசிக்குப் பின்னால் நிறுத்தி, அதில் சாய்த்து, கோத்தகிரிக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். அக்கா திரையில் வந்தாள், பின்னால் அடுப்பில் குக்கர் சத்தம்.

"என்னடா தம்பி, அவ்வளவு தூரம் போய் என்ன வாங்கினாய்?"

பொட்டலத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பிரிஞ்சி இலையா? நம் நாடார் கடையில் பத்து ரூபாய்க்குக் கொடுப்பாரே!"

இது வேறு மரம், வேறு பேரினம், குடும்பம் மட்டும் ஒன்று என்று ஆரம்பித்தேன். குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அக்கா எழுந்து போய்விட்டாள்.